குமிழியும் கண்ணும்

ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கலத்துக்குள் அடைத்து, உள்ளிருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்ததைப் பற்றி ராபர்ட் பாயில் 1670-இல் எழுதினார். கலத்தில் அழுத்தம் குறையக் குறையப் பாம்பு துடித்தது. அதன் ஒரு கண்ணில், முன்பக்கத்து நீரில், ஒரு குமிழி இங்குமங்கும் நகர்ந்ததை அவர் பார்த்தார். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உயிருள்ள உடலுக்குள் குமிழி உண்டாகும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய பதிவு அதுதான். அவர் அதைக் கண்ணில் கண்டதற்குக் காரணம் உண்டு. தசையிலோ மூளையிலோ குமிழி வந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. வெளியிலிருந்து உடலின் உள்ளே பார்க்க வழிவிடும் உறுப்பு கண்தான்.

இந்த அத்தியாயத்தின் கேள்வி எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி ஏறியவர் ஒருவர், “கண்ணு ஒரு மாதிரியா இருக்கு” என்கிறார். அவர் உடலுக்குள் என்ன நடந்திருக்கக்கூடும்? பெரும்பாலான சமயங்களில் ஒன்றுமே இல்லை. சில சமயம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் குமிழி. இரண்டையும் பிரித்தறிவது கடினமான காரியம் அல்ல. ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

முதலில், பயப்படத் தேவையில்லாதவை. வெறும் கண்ணோடு தண்ணீருக்குள் விழித்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவதற்கு உப்பு காரணமல்ல. கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 40-க்கும் மேல், கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கார்னியாவின் வளைந்த பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கிடைப்பது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கார்னியாவினுடையது 1.38. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நீருக்குள் கார்னியா இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. அந்தமான் கடலில், தாய்லாந்து, மியான்மர் கரையோரம் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகள் இந்தக் குறையை மாஸ்க் இல்லாமலே சமாளிக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீருக்கடியில் அவர்களுடைய பார்வைக் கூர்மை ஐரோப்பியக் குழந்தைகளினுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கண் பாவையை 2 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, விழிலென்ஸை முடிந்தமட்டும் குவித்து அவர்கள் பார்க்கிறார்கள். பிறவி வரம் என்று எண்ணிவிட வேண்டாம்: ஒரு மாதத்துக்குச் சற்று மேலான பயிற்சியில் சுவீடன் குழந்தைகளும் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

நமக்கு மாஸ்க் வேண்டும். அது கார்னியாவுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் ஒளி விலகுவதால், பொருள்கள் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கரைக்கு வந்தபின் மீனின் நீளத்தைப் பற்றி நண்பர்கள் வாதிட்டால் யாரும் பொய் சொல்லவில்லை. சிவப்பு முதல் சில மீட்டரிலேயே மங்கத் தொடங்கி, ஆழம் கூடக்கூட ஆரஞ்சும் மஞ்சளும் அதன்பின் போகும். இருபது மீட்டருக்குக் கீழே பாறையில் விரல் கீறினால் வரும் ரத்தம் கரும்பச்சையாகத் தெரியும். இவையெல்லாம் ஒளியின் வேலை. கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை.

மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும், அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகும். 1662-இல் பாயில் சொன்ன விதிதான் இது. மூக்கு வழியாகச் சிறிது காற்றை மாஸ்க்குக்குள் விடாமல் இறங்கிக்கொண்டே போனால், சுருங்கும் காற்றின் இடத்தை நிரப்ப முகத்தின் சதையும் கண்ணும் உறிஞ்சப்படும். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றும்போது கண்ணின் வெள்ளைப் பகுதி முழுக்கச் சிவந்து, இமைகள் வீங்கி, பார்ப்பவர் அலறும்படி இருக்கும். பார்வை தெளிவாக இருந்து வலி இல்லையென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகக் கரைந்துவிடும். இரட்டையாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண் பிதுங்கினாலோ கதை வேறு. கண்குழிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நீச்சல் குளத்துக் கண்ணாடியோடு ஆழத்துக்கு இறங்கக் கூடாது என்பதும் இதனால்தான். அது மூக்கை மூடுவதில்லை, எனவே உள்ளே காற்று விட வழியில்லை. ஜப்பானின் அமா பெண்கள் அத்தகைய கண்ணாடி அணிந்து மூழ்கிய காலத்தில், இருபக்கமும் காற்றடைத்த சிறு பைகளைப் பொருத்திக்கொண்டார்கள். ஆழத்தின் அழுத்தம் பையை நசுக்கி, அதிலுள்ள காற்றைக் கண்ணாடிக்குள் தள்ளியது. அழகான தீர்வு.

கண் எரிச்சலும் கலங்கலும் வந்தால் மாஸ்க்கில் பனி படியாமலிருக்கத் தடவும் திரவத்தை முதலில் சந்தேகிக்கலாம். தடவியபின் நன்றாகக் கழுவாவிட்டால் அது கார்னியாவின் மேல்தோலைப் புண்ணாக்கும். பழைய வகைக் கடின காண்டாக்ட் லென்ஸ் அணிந்து மூழ்கினால், ஏறிவரும்போது லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே குமிழிகள் உண்டாகி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். மென்லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. கடல் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையையும் மறந்துவிடக் கூடாது. அதைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்தப் பக்கத்துப் பாவை மட்டும் பெரிதாக விரிந்துகொள்ளும். ஒரு பாவை பெரிது, மற்றது சிறிது என்பதைப் பார்க்கும் மருத்துவர் மூளையில் ஏதோ ஆகிவிட்டதென்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. பட்டை ஒட்டியிருக்கும் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி, அஞ்ச வேண்டியவை. இங்கே முதல் கேள்வி “எப்போது தொடங்கியது?” என்பதுதான். அடியில் இருக்கும்போதா, மேலே வந்த பிறகா?

அடியில் இருக்கும்போது பார்வை ஓரங்களில் இருண்டு, குழாய் வழியே பார்ப்பதுபோல் சுருங்கினால் ஆக்சிஜனைச் சந்தேகிக்க வேண்டும். நாம் உயிர்வாழ மூச்சில் இழுக்கும் அதே ஆக்சிஜன் அழுத்தம் ஏறினால் நரம்புகளுக்கு நஞ்சு. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக கென்னத் டொனால்ட் என்ற மருத்துவர் இதைத் தன்னார்வ வீரர்களிடம் விரிவாகச் சோதித்தார். அவர் கண்டவற்றில் மூன்று இன்றைக்கும் பயன்படுகின்றன. உலர்ந்த அழுத்த அறையில் தாங்குகிற அளவைத் தண்ணீருக்குள் தாங்க முடியாது. உடலுழைப்பு தாங்கும் திறனை மேலும் குறைக்கும். ஒரே ஆள் இன்று தாங்கியதை நாளை தாங்கமாட்டார். உதடு துடிப்பது, காதில் இரைச்சல், குமட்டல், பார்வை சுருங்குவது ஆகியவை எச்சரிக்கைகள். எச்சரிக்கையே இல்லாமல் நேராக வலிப்பு வருவதும் உண்டு. தரையில் வலிப்பு வந்தவர் பிழைத்துக்கொள்வார். நீருக்கடியில் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடும்.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலை வைத்துக் கணக்கைப் பார்க்கலாம். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. சுமார் 53 மீட்டர் ஆழத்தில் அதைப் பார்க்க உலகெங்குமிருந்து டைவர்கள் வருகிறார்கள். அந்த ஆழத்தில் மொத்த அழுத்தம் 6.3 வளிமண்டலம். சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால் அதன் பகுதி அழுத்தம் 1.3 வரும். வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை 1.4, நெருக்கடியிலும் 1.6-ஐத் தாண்டக்கூடாது. அதே இடத்துக்கு 32 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸ் சிலிண்டரோடு ஒருவர் இறங்கினால் 2.0 ஆகிவிடும். அந்தக் கலவை ஏறத்தாழ 33 மீட்டர் வரைக்குமானது. போதாக்குறைக்கு, 30 மீட்டரைத் தாண்டினாலே நைட்ரஜன் போதையும் சேர்ந்துகொள்ளும். பார்வை சுருங்குவதைக் கவனிக்கவேண்டிய மூளையே மந்தமாகியிருக்கும். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் போதாது, கருவியால் அளந்து பார்த்தபின்னரே இறங்கவேண்டும் என்று பயிற்சியாளர்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மேலே வந்த பிறகு தொடங்கும் பார்வைக்கோளாறே இந்த அத்தியாயத்தின் மையம். அதற்கு முதல் சந்தேகம் குமிழி. குமிழி இரண்டு வழிகளில் வரலாம்.

ஒன்று, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவதால். நுரையீரல் நிறையக் காற்றோடு ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே காற்றறைகள் கிழியக்கூடும்; நீச்சல் குளத்துப் பயிற்சியிலும் இது நேரலாம். கிழிசல் வழியே காற்று நேராகத் தமனிக்குள் புகுந்து மூளைக்குப் போகும். பெரும்பாலும் மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் மயக்கமோ, ஒருபக்கத் தளர்ச்சியோ, பார்வை இழப்போ தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி மெதுவானது. ஆழத்தில் மூச்சில் இழுத்த நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும். ஏறும்போது அது வெளியேறவேண்டும். வேகமாக ஏறினால் சிரைகளில் குமிழிகளாகப் பிரியும். ஒழுங்காக ஏறினாலும் சிறு குமிழிகள் பலருக்கு வருகின்றன. நுரையீரலின் நுண்குழாய்கள் அவற்றை வடிகட்டிவிடுவதால் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, கருவில் இருந்த ஒரு துளை முழுதாக மூடாமல் இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுபோல அது சாதாரணமாக மூடியே கிடக்கும். முக்கி ஏணியில் ஏறும்போதோ, கனமான சிலிண்டரைத் தூக்கும்போதோ, இருமும்போதோ வலப்பக்க அழுத்தம் கூடி அது திறக்கும். நுரையீரலுக்குப் போகவேண்டிய குமிழி இடப்பக்கம் தாவி மூளைக்கும் உட்காதுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. மூழ்கி எழுந்து அரைமணி நேரத்தில் ஒருவருக்குப் பார்வையில் பொட்டு விழுந்து, தலை சுற்றி, வயிற்றுத் தோலில் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள் படர்ந்தால் இந்தத் துளையை நினைக்கவேண்டும். பிரிட்டனின் இதயநோய் மருத்துவர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் போன்றவர்கள் 1980-களில் இந்தத் தொடர்பை நிலைநாட்டினார்கள்.

இங்கேதான் ஒற்றைத் தலைவலி வந்து குழப்புகிறது. அதன் முன்னறிகுறியாகப் பலருக்குக் கண்முன் கோட்டைச் சுவர்போல் வளைந்து நெளியும் மின்னல்கோடுகள் தோன்றும். ஹியூபர்ட் ஏரி என்ற மருத்துவர் 1870-இல் தன் அனுபவத்தை அப்படியே வரைந்து வைத்தார். நடுப்பார்வைக்கு அருகில் தொடங்கும் சிறு மினுக்கம், இருபது நிமிடத்தில் ஓரத்தை நோக்கி விரிந்து மறையும். உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த மின்னல்கோடு நகரும் வேகத்தை அளந்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று 1941-இல் கணக்கிட்டார். 1944-இல் லியாவோ என்ற ஆய்வாளர் முயலின் மூளையில் அதே வேகத்தில் பரவும் மின் அடக்க அலையைக் கண்டுபிடித்தார். எனக்குத் தெரிந்த அறிவியல் கணிப்புகளில் இவ்வளவு அடக்கமான கருவியோடு இவ்வளவு துல்லியமாக அமைந்தது குறைவு. லாஷ்லியின் கையில் இருந்தது ஒரு தாளும் கடிகாரமும்தான்.

அதே 1944-இல் இன்னொரு கட்டுரையும் வெளியானது. போர்க்கால விமானிகளுக்காக, உயர வானத்தின் குறைந்த அழுத்தத்தை அறைக்குள் உண்டாக்கி அமெரிக்காவில் ஜார்ஜ் எங்கலும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். அழுத்தக் குறைவால் குமிழி நோய் வந்தவர்களில் சிலருக்கு மினுக்கும் பொட்டுகளும் அதைத் தொடர்ந்து தலைவலியும் வந்தன. ஒற்றைத் தலைவலியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது அது. 2010-இல் எலிகளின் மூளைக்குப் போகும் தமனிக்குள் மிகச்சிறு காற்றுக் குமிழிகளைச் செலுத்தியபோது, திசு சாகாமலே அந்த மின் அலை கிளம்பியது. இதயத்தில் துளை உள்ளவர்கள் முன்னறிகுறியோடு கூடிய ஒற்றைத் தலைவலிக்காரர்களிடையே ஏறத்தாழ பாதிப் பேர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், படகில் அமர்ந்து “இது குமிழியா, ஒற்றைத் தலைவலியா?” என்று கேட்பதே பிழை என்று தோன்றுகிறது. குமிழியே ஒற்றைத் தலைவலியின் அலையைக் கிளப்பலாம். “எனக்கு இது அடிக்கடி வர்றதுதான், மாத்திரை போட்டுத் தூங்கினா சரியாயிடும்” என்பவர்தான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர். அவருக்குத் துளை இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மூழ்கி எழுந்தபின் வரும் எந்த மின்னல்கோடும், மறுக்கச் சான்று கிடைக்கும்வரை, குமிழி நோய் என்றே வைத்துக்கொள்ளவேண்டும். இதில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன்.

படகிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணை மூடி மற்றதால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் கோளாறு என்றால் அது கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி காணாமல் போயிருந்தால் கோளாறு மூளையில். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. அதற்காக முதலுதவியைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலுதவி ஒன்றுதான்: நூறு விழுக்காடு ஆக்சிஜன், சமமாகப் படுத்த நிலையில். ஆழத்தில் நஞ்சாகும் அதே வாயு மேற்பரப்பில் மருந்தாகிறது. நுரையீரலில் நைட்ரஜனே இல்லாமல் செய்துவிட்டால் குமிழியிலுள்ள நைட்ரஜன் வேகமாக வெளியேறும். பட்டினி கிடந்த திசுவுக்கும் ஆக்சிஜன் போய்ச்சேரும். ஆக்சிஜன் கொடுத்த பத்து நிமிடத்தில் பார்வை தெளிந்துவிடுவது சகஜம். அதோடு நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து, ஏனெனில் அறிகுறி திரும்ப வரும். நோயாளி அழுத்த அறைக்குப் போயே ஆகவேண்டும். வழக்கமான சிகிச்சை 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீளும். மறுபடி கடலில் இறங்கித் தானே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பது கூடாது. மயக்கமோ வலிப்போ அடியில் வந்தால் தூக்க ஆளிருக்காது.

உயரத்துக்கும் போகக்கூடாது. பறக்கும் விமானத்தின் உள்ளே அழுத்தம் 2,400 மீட்டர் மலையில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் பறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரர்கள் இதைக் கார்ப் பயணத்துக்கும் பொருத்திக்கொள்வது நல்லது. காலையில் ராமேசுவரம் பக்கம் கடலுக்குள் இறங்கிவிட்டு அன்றிரவே கொடைக்கானல் ஏறினால், 2,100 மீட்டர் உயரத்தில் ரத்தத்தில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகப் பிரியும் அபாயம் உண்டு. படகிலிருந்து குழாய்வழி காற்று வாங்கிச் சங்கு குளிப்பவர்களுக்கும் இயற்பியல் ஒன்றே. அவர்களுக்குக் கம்ப்ரசரின் புகையே உள்ளிழுக்கும் காற்றில் கலக்கும் இன்னொரு அபாயமும் சேரும். கார்பன் மோனாக்சைடு தலைவலியையும் பார்வை மங்கலையும் சேர்ந்தே தரும். சுற்றுலாவுக்கு வருபவரைவிட, இதையே பிழைப்பாகக் கொண்டவருக்குத்தான் இந்த அறிவு முதலில் போய்ச்சேர வேண்டும்.

கண் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில எல்லைகள் உள்ளன. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது முழுதும் கரையும்வரை கடலுக்கும் விமானத்துக்கும் இடமே இல்லை. பாயிலின் விதி கண்ணுக்குள்ளேயே வேலைசெய்யும். லேசிக் செய்தவர் ஒரு மாதமாவது காத்திருக்கவேண்டும், கார்னியா மாற்றியவர் ஆறு மாதம். நாட்பட மூழ்குவதால் கண் கெடுமா என்று கேட்பவர்கள் உண்டு. டைவர்களின் விழித்திரை நுண்குழாய்களிலும் நிறமிப் படலத்திலும் சிறு மாற்றங்களை 1988-இல் பிரிட்டிஷ் ஆய்வொன்று காட்டியது. அவர்களின் பார்வைக் கூர்மை அதனால் குறைந்திருக்கவில்லை.

அடுத்த முறை படகில் ஏறுமுன் நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும் படகில் இருக்கின்றனவா, அருகிலுள்ள அழுத்த அறை எந்த ஊரில்? இரண்டுக்கும் உடனே பதில் வராவிட்டால் அந்தப் படகில் போகாதீர்கள். உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்றால் அதையும் உடன் மூழ்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.